கொடி ரோஜாவை வெட்டாதீர்கள், வளைத்துக் கட்டுங்கள்

தளி பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால், கேள்வியை மட்டும் தருகிறேன்.

‘ஐயா, வணக்கம். எங்கள் வீட்டு வாசலில் கேட்டுக்கு மேல் இரும்பு வளைவு வைத்து, மூன்று வருடத்துக்கு முன் கொடி ரோஜா ஒன்று நட்டேன். வருடம் முழுக்கப் பூக்கும் என்று சொல்லித்தான் நர்சரியில் கொடுத்தார்கள். செடி நன்றாக வளர்கிறது. மாடிக் கைப்பிடிச் சுவரைத் தொட்டுவிட்டது. ஆனால், தையில் நாலு, ஆனியில் நாலு என்று உச்சியில் மட்டும் இளஞ்சிவப்பில் பூக்கிறது. எங்கள் தோட்டத்து ரோஜாவுக்குச் செய்வதுபோல, ஒவ்வோர் ஐப்பசியிலும் முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்கிறேன். உரமும் வைக்கிறேன். வீட்டுக்காரர், முள்தான் மிச்சம், ஆடி முடிந்ததும் வேரோடு எடுத்துவிட்டு காகிதப்பூ வைத்துவிடலாம் என்கிறார். எடுத்துவிடலாமா? இதே செடியில் பதியன் போட்டு, 50 சென்ட்டில் பந்தல் அமைத்து வளர்க்கலாம் என்று எங்கள் மகளிர் குழுவில் பேசியிருந்தோம். அதற்குக் கடனும் கேட்டு வைத்திருக்கிறோம். அதைப் பற்றியும் சொல்லுங்கள்.’

சுருக்கமான பதில் இதுதான். செடியை எடுக்க வேண்டாம். கடனை வாங்க வேண்டாம். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன். கொடி ரோஜா பற்றி இந்த இரண்டு மாதத்தில் வந்த வேறு சில கடிதங்களுக்கும் இதிலேயே பதில் இருக்கிறது.

பூப்பது நீங்கள் வாங்கிய செடிதானா?

பூக்காத ரோஜாவைப் பார்த்ததும் உரத்தைத் தேடி ஓடக் கூடாது. முதலில் செடியின் அடியைப் பார்க்க வேண்டும். நர்சரியில் வாங்கும் ரோஜா பெரும்பாலும் ஒட்டுச்செடி. கீழே வேர்ச்செடி, மேலே நாம் விரும்பும் ரகம். வேர்ச்செடியாக மல்டிஃப்ளோரா, நாட்டல் பிரையர், பன்னீர் ரோஜா போன்றவற்றைப் பயன்படுத்துகிறார்கள். இவை மண்ணைத் தாங்கிக்கொண்டு வேகமாக வளரக்கூடியவை. ஒட்டுக்குக் கீழிருந்து ஒரு போத்து கிளம்பிவிட்டால், சத்தையெல்லாம் அது இழுத்துக்கொள்ளும். ஒரு வருடம் கவனிக்காமல் விட்டால், மேலே இருக்கும் நல்ல ரகம் மெலிந்து பட்டுப்போகும். வீட்டுக்காரர் வேர்ச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்.

அடி மண்ணைக் கையால் விலக்கிப் பாருங்கள். தண்டு தடித்து, முடிச்சுப்போல் இருக்கும் இடம்தான் ஒட்டு. அதற்குக் கீழிருந்து வரும் போத்தில் இலையின் நிறம், முள்ளின் வடிவம், தளிரின் நிறம் எல்லாம் மற்ற கிளைகளிலிருந்து மாறியிருக்கும். ‘ஏழு இலை இருந்தால் காட்டு ரோஜா, ஐந்து இலை இருந்தால் நல்ல ரோஜா’ என்று ஒரு கணக்கு நம் ஊரில் உண்டு. கொடி ரோஜாவுக்கு அதை நம்ப வேண்டாம். நல்ல கொடி ரகங்கள் பலவற்றுக்கும் ஒரு காம்பில் ஏழு இலை உண்டு. போத்து எங்கிருந்து கிளம்புகிறது என்பதுதான் சாட்சி. வேர்ச்செடிப் போத்தைக் கத்தரியால் வெட்டினால் மறுபடியும் துளிர்க்கும். மண்ணை விலக்கி, கிளம்பிய இடத்திலேயே பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்து எடுக்க வேண்டும்.

இந்தச் சகோதரியின் செடியில் அந்தப் பிரச்னை இருப்பதாகத் தெரியவில்லை. மல்டிஃப்ளோராவாக இருந்தால், வருடத்துக்கு ஒரு முறை சின்னச் சின்ன வெள்ளைப் பூ கொத்தாகப் பூத்திருக்கும். இவருக்கு இளஞ்சிவப்பில், தையிலும் ஆனியிலும் பூத்திருக்கிறது. அதாவது ரகம் சரி. மறுபடி பூக்கும் குணமும் இருக்கிறது. கோளாறு நாம் செடியை நடத்துகிற விதத்தில்தான்.

கொய்யாவுக்குத் தெரிந்த வித்தை

கொடி ரோஜா என்று பெயர் வைத்துவிட்டோம். உண்மையில் அது கொடி இல்லை. பாகலுக்கும் புடலைக்கும் பற்றிக்கொள்ளச் சுருள் உண்டு. அவரை தானாகவே கொம்பைச் சுற்றும். ரோஜாவுக்கு இரண்டும் கிடையாது. நீளமான தண்டை வீசி, பக்கத்துப் புதரின் மேல் முள்ளால் மாட்டிக்கொண்டு ஏறுவதுதான் அதன் வழக்கம். தோட்டத்தில் நாம்தான் கட்டிவிட வேண்டும். எப்படிக் கட்டுகிறோம் என்பதில்தான் பூவே இருக்கிறது.

தண்டு நேராக மேலே போகும்போது, நுனி மொட்டில் உற்பத்தியாகும் ஆக்ஸின் என்ற ஊக்கி கீழே இறங்கி, பக்க மொட்டுகளை உறங்க வைக்கிறது. அதனால் உச்சியில் மட்டும் நாலு மொட்டு பிரிகிறது. கீழே பத்தடிக்கு முள்ளும் தண்டும்தான். அதே தண்டைச் சாய்த்து, தரைக்குப் படுக்கை வசமாகக் கட்டினால், நுனியின் அதிகாரம் தளர்ந்துவிடும். கணுவுக்குக் கணு மொட்டு விழிக்கும். ஒவ்வொரு மொட்டும் ஒரு சாண், ஒன்றரைச் சாண் நீளத்துக்குப் பக்கக்கிளை விட்டு, அதன் முனையில் பூக்கும். ஒரு தண்டில் 30 கணு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பாதி விழித்தாலும் 15 பூங்கிளைகள். அப்படி நாலு தண்டு இருந்தால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

கொய்யா விவசாயிகளுக்கு இது புதிதல்ல. மேலே ஓடும் கிளையை வளைத்துக் கயிற்றால் கட்டி, கணுக்களில் துளிர் வரவழைத்துக் காய் எடுக்கிறோம். அதே வித்தைதான் இங்கேயும்.

கட்டும் முறையைச் சொல்கிறேன். புதிதாக வந்த, பச்சை மாறாத தண்டுகள் எளிதாக வளையும். இவற்றை இடமும் வலமுமாக விசிறிபோலப் பிரித்து, தரைக்கும் தண்டுக்கும் இடையே 30 முதல் 45 டிகிரி சாய்வு இருக்கும்படி கட்டுங்கள். இடம் இருந்தால் முழுவதும் படுக்க வைக்கலாம். வளைவு, தூண் போன்றவற்றில் படுக்க வைக்க இடமில்லை. அங்கே தண்டைத் தூணைச் சுற்றிச் சுற்றி, திருகு மாடிப்படி போல ஏற்ற வேண்டும். நேராகத் தூக்கிவிடக் கூடாது. தளிச் சகோதரி செய்ய வேண்டியது இதுதான். இரும்பு வளைவின் இரண்டு கால்களிலும் தண்டுகளைச் சுற்றி ஏற்றுங்கள். மிச்சமிருப்பதைக் கைப்பிடிச் சுவரில் ஏற விடாமல், காம்பவுண்ட் சுவர் ஓரமாக 2 அடி, 4 அடி, 6 அடி உயரத்தில் கம்பி இழுத்து, அதில் படுக்க வைத்துவிடுங்கள்.

முற்றிய தண்டை ஒரே நாளில் வளைத்தால் ஒடிந்துவிடும். தண்ணீர் விட்ட மறுநாள் காலையில் கொஞ்சம், ஒரு வாரம் கழித்துக் கொஞ்சம் என்று மூன்று தவணையாக வளையுங்கள். கட்டுவதற்குப் பழைய பருத்தித் துணி அல்லது சணல் கயிறு போதும். கட்டுக்கம்பி வேண்டாம். தண்டு பருக்கும்போது கம்பி பட்டைக்குள் இறங்கி, அந்த இடத்திலேயே கருகிவிடும். தண்டும் இரும்பும் நேராக உரசாதபடி, கயிற்றை 8 போல் மாற்றிப் போட்டுத் தளர்வாகக் கட்டுங்கள். ஆடிக் காற்றுக்குக் கட்டாத தண்டு நிற்காது. ஆகவே, இந்த வேலையை இப்போதே தொடங்கிவிடுங்கள்.

தோட்டத்துக் கவாத்து இதற்கு ஆகாது

பேரிகை, பாகலூர், தளி வட்டாரத்தில் ரோஜா பயிரிடுகிறவர்களுக்குக் கவாத்து கைவந்த கலை. பன்னீர் ரோஜா போன்ற புதர் ரகங்களை ஐப்பசியில் பாதி உயரத்துக்கு வெட்டிவிட்டால், புதுத்துளிரின் முனையில் பூ வரும். வெட்ட வெட்டப் பூ.

கொடி ரோஜாவின் கணக்கு வேறு. அதில் பூக்கள் பெரும்பாலும் நீளமான முதன்மைத் தண்டில் வரும் பக்கக்கிளைகளில்தான் வரும். அந்தத் தண்டு முற்றுவதற்கே ஒரு வருடமாகும். ஐப்பசியில் முழங்கால் உயரத்துக்கு வெட்டினால், ஒரு வருட உழைப்பைக் குப்பையில் போட்டுவிட்டோம். செடி மறுபடியும் தண்டு எழுப்பத்தான் சத்தைச் செலவழிக்கும். மூன்று வருடமாக இந்தச் செடி முதல் வகுப்பையே படித்துக்கொண்டிருக்கிறது.

இன்னொரு விஷயம். பெயருக்கு முன்னால் ‘கிளைம்பிங்’ என்று வரும் ரகங்கள் பல, புதர் ரோஜாவில் தானாகத் தோன்றிய மாற்றத்தால் உருவானவை. கிளைம்பிங் ஐஸ்பெர்க் அப்படிப்பட்டது. இவற்றை இளம் பருவத்தில் ஒட்ட வெட்டினால், ஏறும் குணத்தை விட்டுவிட்டு மறுபடி புதராகிவிடவும் வாய்ப்புண்டு.

ஆகவே, கவாத்தை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் 2 வருடம்: முதன்மைத் தண்டில் கத்தரியே வைக்க வேண்டாம். காய்ந்தது, நோய் பிடித்தது, ஒன்றோடொன்று உரசுவது ஆகியவற்றை மட்டும் எடுங்கள்.

3-ம் வருடத்திலிருந்து: ஐப்பசியில், மழை விட்டு வெயில் அடிக்கும் ஒரு நாளில், பூத்து முடித்த பக்கக்கிளைகளை மட்டும் 2 அல்லது 3 கணு விட்டு வெட்டுங்கள். முதன்மைத் தண்டு அப்படியே இருக்கட்டும்.

4, 5-ம் வருடத்திலிருந்து: அடியிலிருந்து புதுத்தண்டு வந்திருந்தால், இருப்பதிலேயே பழைய தண்டு ஒன்றை மட்டும் அடியோடு எடுத்துவிட்டு, புதியதை அதன் இடத்தில் கட்டுங்கள். வருடத்துக்கு ஒன்று போதும்.

வருடம் முழுக்க: பூ வாடியதும், காம்போடு கீழே உள்ள முதல் நல்ல இலை வரைக்கும் வெட்டிவிடுங்கள். காய் பிடிக்க விட்டால், செடி ‘என் வேலை முடிந்தது’ என்று அடுத்த பூவைத் தள்ளிப்போடும். மறுபடி பூக்கும் ரகம் மறுபடி பூப்பது பாதி இந்த வேலையால்தான். தொடர்ந்து எடுத்து வந்தால், ஆறு முதல் எட்டு வாரத்துக்குள் அடுத்த சுற்று மொட்டைப் பார்க்கலாம்.

வெட்டிய இடங்களில் போர்டோ பசையோ காப்பர் ஆக்ஸிகுளோரைடு பசையோ தடவுங்கள். நுனியிலிருந்து கறுத்துக்கொண்டு வரும் நுனிக்கருகல் நோய் பெரும்பாலும் வெட்டுக்காயம் வழியாகத்தான் நுழைகிறது.

‘வருடம் முழுக்க’ என்றால் என்ன?

நர்சரியில் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘இது ஒரே ஒரு முறை பூக்கும் ரகமா, மறுபடியும் பூக்கும் ரகமா?’ என்பது. ஒரு முறை பூக்கும் கொடி ரோஜாவை என்ன செய்தாலும் வருடம் முழுக்கப் பூக்க வைக்க முடியாது. அது அதன் பிறவிக் குணம்.

ரோஜாவில், பூக்காமல் தடுத்து வைக்கும் ஒரு மரபணு இருக்கிறது. காட்டு ரோஜாக்களில் அது வேலை செய்வதால், வருடத்துக்கு ஒரே பருவம்தான் பூ. சீனத்து ரோஜாக்களில் அந்த மரபணு செயலிழந்துவிட்டது. தடுப்பார் இல்லாததால் துளிருக்குத் துளிர் பூ வருகிறது. 18-ம் நூற்றாண்டின் கடைசியில் சீன ரோஜாக்கள் ஐரோப்பாவுக்குப் போன பிறகுதான், அங்கே மறுபடி பூக்கும் இன்றைய ரோஜாக்கள் பெருகின. நம் பன்னீர் ரோஜாவும் சீன ரோஜாவின் வழியில் வந்த கலப்புதான். அதனால்தான் நிலக்கோட்டையில் தினமும் பூப் பறிக்க முடிகிறது.

கொடி ரோஜாவில் இதற்கு நல்ல உதாரணம் நியூ டான். அமெரிக்காவில் 1910-ல் வெளிவந்த டாக்டர் டபிள்யூ. வான் ஃபிளீட் என்ற கொடி ரோஜா வருடத்துக்கு ஒரு முறைதான் பூக்கும். அந்த ரகத்தில் தானாக ஏற்பட்ட ஒரு மாற்றத்தால், மறுபடி மறுபடி பூக்கும் செடி ஒன்று நியூ ஜெர்சியில் ஒரு நர்சரியில் கிடைத்தது. அதற்கு நியூ டான் என்று பெயரிட்டு 1930-ல் வெளியிட்டார்கள். 1931-ல் அமெரிக்கா செடிகளுக்குக் காப்புரிமை தரத் தொடங்கியபோது, முதல் எண் இந்த ரோஜாவுக்குத்தான் கிடைத்தது. மறுபடி பூக்கும் குணத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

ஆனால், ‘வருடம் முழுக்க’ என்பதைச் சரியாகப் புரிந்துகொள்ளுங்கள். தினமும் பூ என்று அர்த்தமில்லை. ஒரு சுற்றுப் பூக்கும், ஓய்வெடுக்கும், மறுபடி பூக்கும். நம் ஊரில் கார்த்திகையிலிருந்து மாசி வரை நல்ல பூ. சித்திரை, வைகாசியில் பூ சிறுத்து, நிறம் வெளுத்து, இரண்டு நாளில் உதிரும். அது நோயல்ல. அந்த நேரத்தில் உரம் போட்டு விரட்டாமல், தண்ணீரும் மூடாக்கும் கொடுத்துச் செடியைக் காப்பாற்றினால் போதும்.

நம் வெயிலுக்குக் கெட்டி எது?

வெளிநாட்டு ரோஜாப் புத்தகங்களில் ‘கடினத்தன்மை உள்ள ரகம்’ என்று போட்டிருப்பார்கள். பனி உறையும் குளிரிலும் சாகாது என்பதுதான் அதன் பொருள். அதை நம்பி வாங்கி, சேலத்திலோ மதுரையிலோ நட்டுவிட்டு ஏமாந்தவர்கள் பலர். நமக்கு வேண்டிய கெட்டித்தனம் வேறு. சித்திரை வெயிலைத் தாங்க வேண்டும். ஐப்பசி மழையில் கரும்புள்ளி நோய் வந்தாலும் மீண்டு துளிர்க்க வேண்டும். கொஞ்சம் உப்பான கிணற்றுத் தண்ணீரையும் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தேயிலை ரோஜா என்ற வம்சத்தில் வந்த கொடி ரகங்கள் வெப்பத்துக்கு ஒத்துவரும். கிளைம்பிங் லேடி ஹில்லிங்டன் அந்த வகை. வெள்ளைக்குக் கிளைம்பிங் ஐஸ்பெர்க். நம் நாட்டு ரகம் வேண்டும் என்றால் டெல்லி ஒயிட் பேர்ல். இதை உருவாக்கியவர் டாக்டர் பி.பி. பால். கோதுமை விஞ்ஞானியான அவர்தான் இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் தலைமை இயக்குநர். ரோஜா வளர்ப்பிலும் பெரிய கை. ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற குளிர்ந்த இடங்களில் நியூ டானும், மஞ்சள் நிற மரேஷல் நீலும் வைக்கலாம். ஓசூர் மேட்டு நிலத்திலும் நியூ டானை முயன்று பார்க்கலாம்.

வெப்ப நாடுகளுக்கென்றே ரோஜா உருவாக்க வேண்டும் என்று கொடைக்கானலில் இருந்துகொண்டு பல பத்தாண்டுகள் உழைத்தவர்கள் எம்.எஸ். வீரராகவனும் அவர் துணைவியார் கிரிஜா வீரராகவனும். மணிப்பூர் மலைகளில் மரத்தின் உச்சி வரை ஏறும் ரோசா ஜைஜாண்டியா, நீர் தேங்கும் இடத்திலும் தாக்குப்பிடிக்கும் ரோசா கிளைனோஃபில்லா ஆகிய நம் நாட்டுக் காட்டு ரோஜாக்களைக் கலந்து அவர்கள் புது ரகங்களை உருவாக்கினார்கள். தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் பெயரிலும் ஒரு ரோஜா அவர்கள் உருவாக்கியதுதான். குளிர் நாட்டு ரோஜாவை நம் வெயிலுக்குப் பழக்குவதைவிட, நம் வெயிலில் பிறந்த ரோஜாவைத் தோட்டத்துக்குக் கொண்டுவருவது நல்ல வழி என்பது அவர்கள் காட்டிய பாடம்.

வாங்குவதற்கு முன் பூவோடு செடியைப் பார்க்க விரும்புகிறவர்கள், ஊட்டி அரசு ரோஜாப் பூங்காவில் கொடி ரோஜா படர்ந்த வளைவுகளை ஒரு முறை நின்று பாருங்கள். 1995-ல் தொடங்கிய பூங்கா அது. தண்டுகளை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்பதையும் கவனியுங்கள்.

புதிதாக நடுகிறவர்களுக்கு

தினமும் 5, 6 மணி நேரம் வெயில் வேண்டும். சமவெளியில் காலை வெயில் படும் கிழக்குச் சுவரே நல்லது. மேற்குப் பார்த்த சிமென்ட் சுவர், இரவு வரை அனல் கக்கும். சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி நடுங்கள். காற்றோட்டம் இல்லாவிட்டால் சிவப்புச் சிலந்தியும் சாம்பல் நோயும் குடியேறிவிடும்.

ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுத்து, ஒரு வாரம் ஆறவிடுங்கள். மேல் மண்ணோடு 10 கிலோ மக்கிய தொழுவுரம், கால் கிலோ வேப்பம் புண்ணாக்கு கலந்து நிரப்புங்கள். ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேல் இரண்டு விரற்கடை தெரிய வேண்டும். இரண்டு செடிக்கு இடையில் 6 முதல் 8 அடி விடுங்கள்.

முதல் மாதம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தண்ணீர். பிறகு வாரம் இரு முறை, ஆழமாக. தூரைச் சுற்றிக் காய்ந்த இலையையோ வைக்கோலையோ மூடாக்காகப் போடுங்கள். பூச்செடிக்கு வருடத்துக்கு இரண்டு முறை, அதாவது ஐப்பசிக் கவாத்துக்குப் பிறகும் ஆடியிலும், செடிக்கு 10 கிலோ தொழுவுரம் கொடுங்கள். தழைச்சத்தை அள்ளிக் கொட்டினால் தண்டு ஓடும், பூ வராது. கிணற்று நீர் உப்பாக இருந்து, இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால், அது இரும்புச்சத்துக் குறைபாடு. லிட்டருக்கு 5 கிராம் ஃபெரஸ் சல்பேட் கலந்து, மாலையில் இலையில் படும்படி தெளியுங்கள்.

பூச்சி, நோய் என்றால்: இலைப்பேனுக்கும் அசுவினிக்கும் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசலோடு வாரம் ஒரு முறை. சாம்பல் நோய்க்கு லிட்டருக்கு 2 கிராம் நனையும் கந்தகம். வேப்பெண்ணெய் தெளித்த இரண்டு வாரத்துக்குள்ளும், உச்சி வெயிலிலும் கந்தகம் தெளிக்கக் கூடாது. இலை பொசுங்கிவிடும். கரும்புள்ளி விழுந்த இலைகளைப் பொறுக்கி எரித்துவிடுங்கள். தண்ணீரை இலையில் ஊற்றாமல் தூரில் ஊற்றினாலே இந்த நோய் பாதி குறையும். வீட்டு ரோஜா தலையிலும் சாமி படத்திலும் ஏறுகிறது. சில வீடுகளில் குல்கந்தும் ஆகிறது. வயலுக்கு வாங்கிய வீரியமான மருந்தின் மிச்சத்தை, இருக்கிறதே என்று இதற்கு அடிக்காதீர்கள்.

மகளிர் குழுவுக்கு

இப்போது கடன் விஷயம். கொடி ரோஜா வாசலுக்கு அழகு. சந்தைக்குப் பயிரல்ல. உதிரிப்பூ வியாபாரி எடையும் பார்க்கிறார், மாலை கட்டும்வரை இதழ் நிற்குமா என்றும் பார்க்கிறார். கொடி ரோஜாக்களில் பல, பறித்த சில மணி நேரத்தில் இதழ் உதிர்க்கும். பூ ஒரே நேரத்தில் குவிந்து, அப்புறம் சில வாரம் இருக்காது. தினமும் சந்தைக்குக் கொடுக்க முடியாது. பந்தல் செலவு முதலிலேயே போய்விடும். முழுப் பூ வர 3 வருடம் ஆகும். தவணையோ முதல் மாதத்திலிருந்து கட்ட வேண்டும்.

பூதான் பயிர் என்று முடிவு செய்திருந்தால், 50 சென்ட்டுக்குப் பன்னீர் ரோஜாவை 2 மீட்டருக்கு 1 மீட்டர் இடைவெளியில் வையுங்கள். சுமார் 1,000 செடி பிடிக்கும். பந்தல் வேண்டாம். அதையும் ஒரே மூச்சில் வைக்காமல், முதலில் 10 சென்ட்டில் 200 செடி வைத்து, உங்கள் ஊரிலிருந்து பூவை யார் எடுப்பார், விடியற்காலையில் யார் பறிப்பார் என்பதைப் பார்த்துவிட்டு, பிறகு கடனைப் பற்றி யோசியுங்கள். பறிப்புக்கு ஆள் இல்லாத பூந்தோட்டம் லாபம் தராது.

கொடி ரோஜாவில் வருமானம் பார்க்க ஒரு வழி உண்டு. அது பூ அல்ல, நாற்று. நீளமான தண்டைத் தரைக்கு வளைத்து, ஒரு கணுவின் அடியில் லேசாகப் பட்டையைச் சீவி, மண்ணில் ஒரு சாண் புதைத்து, மேலே கல் வையுங்கள். இரண்டு, மூன்று மாதத்தில் வேர் பிடிக்கும். பென்சில் கனத்தில், 4 கணு உள்ள குச்சிகளை வேர் ஊக்கிப் பவுடரில் தொட்டு, நிழலில் பாக்கெட்டில் ஊன்றினாலும் வரும். பெரிய முதலீடு இல்லை. இப்படி 50 பாக்கெட் போட்டு, விற்கிறதா என்று பாருங்கள். பழைய ரகங்களைப் பெருக்கத் தடையில்லை. 2001-ம் வருடத்துப் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தில் பதிவாகியுள்ள புது ரகங்களை, அவற்றின் பெயரில் வியாபாரத்துக்குப் பெருக்க உரிமையாளரின் அனுமதி வேண்டும்.

மற்ற இரண்டு கேள்விகள்

‘மதுரையில் மாடித் தோட்டம் வைத்திருக்கிறேன். தொட்டியில் கொடி ரோஜா வருமா?’

வரும். 18 அங்குலத்துக்குக் குறையாத தொட்டி வேண்டும். தண்டு 6 அடியைத் தாண்டாத சிறிய ரகமாகக் கேட்டு வாங்குங்கள். தொட்டியைத் தரையில் நேராக வைக்காமல் செங்கல் மேல் வையுங்கள். கோடையில் தளத்தின் சூடு வேரைச் சுட்டுவிடும். சித்திரை, வைகாசியில் பிற்பகலுக்கு மட்டும் நிழல் வலை கட்டுங்கள். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மேல் மண்ணை நாலு விரற்கடை எடுத்துவிட்டுப் புது மண்ணும் மண்புழு உரமும் போடுங்கள்.

‘ஏற்காட்டில் 20 வயதுக் கொடி ரோஜா இருக்கிறது. அடியெல்லாம் மொட்டை, உச்சியில் மட்டும் பச்சை. காப்பாற்ற முடியுமா?’

முடியும். எல்லாத் தண்டையும் ஒரே நேரத்தில் வெட்டாதீர்கள். ஐப்பசியில், இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு பழைய தண்டுகளை மட்டும் தரையிலிருந்து ஓர் அடி விட்டு வெட்டி, போர்டோ பசை தடவுங்கள். தூரில் தொழுவுரம் வையுங்கள். தை, மாசியில் அடியிலிருந்து புதுத்தண்டு வரும். ஒட்டுக்கு மேலிருந்து வருகிறதா என்று பார்த்துக்கொண்டு, வந்ததைச் சாய்த்துக் கட்டுங்கள். அடுத்த வருடம் அடுத்த பங்கு. மூன்று வருடத்தில் செடி முழுக்கப் புதிதாகிவிடும்.

இந்தப் பதினைந்து நாளுக்கான வேலை

கொடி ரோஜா வைத்திருப்பவர்கள் எல்லோரும் செய்ய வேண்டியவை மூன்று. அடி மண்ணை விலக்கி, ஒட்டுக்குக் கீழே போத்து இருக்கிறதா என்று பாருங்கள். பழைய கட்டுகளை அவிழ்த்து, தண்டைச் சாய்த்துத் துணியால் கட்டுங்கள். வாடிய பூக்களை எடுங்கள். உரம், மருந்து எல்லாம் இதற்குப் பிறகுதான்.

தளிச் சகோதரி இந்த ஐப்பசியில் கத்தரியை முதன்மைத் தண்டில் வைக்காமல் இருந்தால், வரும் தையிலேயே வளைவின் காலடியிலிருந்து மொட்டு தெரியத் தொடங்கும். முழு அழகைப் பார்க்க அதற்கடுத்த தை வரை பொறுக்க வேண்டும். வீட்டுக்காரரிடம் அந்த ஒரு வருடத்தைக் கேட்டு வாங்குங்கள். காகிதப்பூவுக்கும் இடம் வேண்டுமென்றால், தண்ணீர் எட்டாத மேற்கு மூலை அதற்கு நன்றாகப் பொருந்தும்.

கேள்வி அனுப்புகிறவர்கள் செடியின் வயது, மண், தண்ணீர், வெயில் படும் திசை, கடைசியாக எப்போது கவாத்து செய்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். பதில் சொல்ல அது பெரிய உதவி.